குறைந்த வருமானக் குடும்பங்களும் உதவித் திட்டங்களும்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதவி கேட்டுப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றன. கைக்கு வரும் சம்பளத்தை வைத்து வீட்டில் ஒரு கணக்குப் போடுகிறார்கள்; அலுவலகத்தில் போடுவது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கு புரிந்துவிட்டால் எந்தத் திட்டத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது, வேலை மாறினால் என்ன ஆகும், ஏன் மறுத்தார்கள் என்பதெல்லாம் தெளிவாகிவிடும். அதனால்தான் முதல் கேள்வியே வருமானத்தைப் பற்றியது.

குடும்ப வருமானத்தில் யார் யாருடைய சம்பளம் சேரும்?

கைக்கு வரும் தொகை இங்கே கணக்கில்லை. மத்திய சேம நிதிக்கு (மசே நிதி, அதாவது ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு) பிடிக்கும் முன் உள்ள மொத்தச் சம்பளத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். 40 வயதுள்ள ஒருவரின் சம்பளம் 2,000 வெள்ளி என்றால் அவருடைய பங்காக 20 விழுக்காடு, அதாவது 400 வெள்ளி, மசே நிதிக்குப் போய்விடும். வீட்டுக்கு வருவது 1,600. படிவத்தில் எழுத வேண்டியது 2,000. முதலாளி தன் பங்காகக் கட்டும் மசே நிதி இதில் சேராது.

அடுத்தது, யாரை எண்ணுவது என்பது. பொதுவாக ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தார் எல்லாரும் சேர்வார்கள். மருந்தகச் செலவைக் குறைக்கும் சாஸ் அட்டை போன்ற திட்டங்கள் அடையாள அட்டையில் பதிந்துள்ள முகவரியை வைத்தே முடிவு செய்கின்றன. சிக்கல் தொடங்குவது இங்குதான். மணமுறிவுக்குப் பிறகு வெளியேறிய கணவர் முகவரியை மாற்றாமல் இருந்தால், ஒரு வெள்ளிகூடத் தராதவருடைய சம்பளம் உங்கள் கணக்கில் ஏறும். வேலை கிடைத்துத் தனியாக அறை எடுத்துப் போன மகனின் சம்பளமும் அப்படித்தான். வீடு மாறிய 28 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிப்பது சட்டப்படி அவசியம். அதைச் செய்யச் சொல்லி வெளியேறியவரை வற்புறுத்துங்கள். முன்னாள் கணவர் மறுத்தால் மணமுறிவு ஆணையின் நகலையும், அவர் அங்கே வாழவில்லை என்ற உங்கள் எழுத்து விளக்கத்தையும் விண்ணப்பத்தோடு கொடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள்: உடன் வாழும் மகனை உறவினர் வீட்டு முகவரிக்கு மாற்றிக் கணக்கைக் குறைப்பது பொய்த் தகவல், அது குற்றம்.

மொத்த வருமானம், தலைக்கு வருமானம் என்று இரண்டு எல்லை சொல்கிறார்கள். இரண்டுக்கும் உட்பட்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். கல்வி அமைச்சின் நிதி உதவியிலும், கம்கேர் என்ற அரசாங்க உதவி நிதியிலும் இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். நடுவில் இருக்கும் "அல்லது" என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டதாலேயே விண்ணப்பிக்காத பெரிய குடும்பங்கள் உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஈரறை வாடகை வீட்டில் ஆறு பேர்: துப்புரவுப் பணி செய்யும் அம்மா, பொருள் விநியோகம் செய்யும் அப்பா, பாட்டி, வேலைக்குப் போகும் மூத்த மகன், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து 2,900, மகனுக்கு 2,400. மொத்தம் 5,300. பள்ளி நிதி உதவிக்கு 2026 ஜனவரி முதல் உள்ள எல்லை மொத்தத்தில் 4,000 வெள்ளி அல்லது தலைக்கு 1,000 வெள்ளி. 5,300 என்பது முதல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் ஆறால் வகுத்தால் தலைக்கு 883. தகுதி உண்டு. பாட்டியை எண்ணாமல் விட்டு ஐந்தால் வகுத்திருந்தால் 1,060 ஆகி, தகுதியே இல்லை என்று நினைத்துவிடுவார்கள். வருமானமே இல்லாத முதியவரும் கைக்குழந்தையும் வகுக்கும் எண்ணில் சேர்வார்கள். அவர்களை எழுத மறக்காதீர்கள்.

கம்கேர் என்பது என்ன? எவ்வளவு கிடைக்கும்?

2005இல் தொடங்கிய கம்கேர், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் உதவி நிதி. இதில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு.

வேலை போனது, நோய், குடும்பத்தலைவர் சிறை சென்றது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால் வேலைக்குப் போக முடியாதது போன்ற நிலைகளுக்குக் குறுகிய, நடுத்தரக் கால உதவி. இதற்கு வழிகாட்டியாக இருப்பது மாத வருமானம் மொத்தத்தில் 1,900 வெள்ளி அல்லது தலைக்கு 800 வெள்ளி. தலைக்கு 650 என்று இருந்ததைத்தான் 800ஆக உயர்த்தினார்கள். பழைய எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். இது வழிகாட்டிதான், வெட்டுக்கோடு அல்ல. மருத்துவச் செலவோ உடற்குறையுள்ள பிள்ளையோ இருந்தால், சற்றுத் தாண்டிய குடும்பத்தையும் அதிகாரிகள் பரிசீலிக்கிறார்கள்.

முதுமை, நோய், உடற்குறை காரணமாக இனி வேலையே செய்ய முடியாதவர்களுக்கு நீண்டகால உதவி. தனியாக வாழ்பவருக்கு 2022 ஆகஸ்டில் மாதம் 640 வெள்ளியாக இருந்த தொகை 2025 ஏப்ரலில் 760 ஆனது. இவர்களுக்குப் பலதுறை மருந்தகத்திலும் அரசாங்க மருத்துவமனையிலும் சிகிச்சைச் செலவுக்கும் துணை உண்டு.

குறுகியகால உதவிக்கு நிலையான தொகை கிடையாது. உணவு, போக்குவரத்து, பிள்ளைகளின் தேவை போன்றவற்றுக்கு ஒரு மதிப்பீடு போட்டு, வரும் வருமானத்தைக் கழித்து, மிச்சத்தை நிரப்புகிறார்கள். வாடகை, மின்கட்டணம், நகர மன்றக் கட்டணம் ஆகியவற்றுக்கும் உதவி சேர்க்கலாம். அதனால்தான் பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த தொகையும் உங்களுக்குக் கிடைத்ததும் ஒன்றாக இராது. ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். உங்கள் மதிப்பீட்டில் எந்தச் செலவு விடுபட்டது என்று பாருங்கள். ஆஸ்துமா மருந்து, பெரியவர்களுக்கான டயப்பர், சிறப்புப் பள்ளிக்கான பேருந்து ஆகியவை நீங்களாகச் சொன்னால்தான் கணக்கில் ஏறும்.

எங்கே போவது? என்ன எடுத்துப் போக வேண்டும்?

உங்கள் வட்டாரத்தின் சமூகச் சேவை அலுவலகத்துக்கு. முதல் அலுவலகம் 2013இல் தாமான் ஜூரோங்கில் திறக்கப்பட்டது. இப்போது எல்லாப் பெரிய குடியிருப்புப் பேட்டைகளுக்கும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் கம்கேர் தொலைபேசி 1800-222-0000. இணையத்தில் சப்போர்ட்கோவேர் தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

எல்லாருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மசே நிதி அறிக்கை, இன்றைய தேதிவரை பதிந்த வங்கிக் கணக்குப் புத்தகம், வாடகை, மின்சார, தண்ணீர் கட்டணச் சீட்டுகள், பாக்கி நினைவூட்டுக் கடிதங்கள், மருத்துவ அறிக்கை, வேலைநீக்கக் கடிதம், மணமுறிவு அல்லது ஜீவனாம்ச ஆணை. இவற்றில் பொருந்துவதை எல்லாம் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் தங்கள் வருமானத் தகவலைப் பார்க்க ஒப்புதல் தர வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மகனோ தம்பியோ முரண்டு பிடித்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அப்படி நடந்தால் வீட்டுக்குத் திரும்பிச் சண்டை போடுவதைவிட அதிகாரியிடம் அதையே சொல்வது நல்லது. குடும்பத்தில் ஒத்துழைப்பு இல்லை என்பதும் அவர் அறிய வேண்டிய தகவல்தான்.

வங்கிப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் சீட்டுப் பிடிக்கும் பழக்கம் உண்டு. ஊருக்கு அனுப்ப அண்ணன் கொடுத்த பணம் நம் கணக்கு வழியாகப் போவதும் உண்டு. அறிக்கையைப் பார்ப்பவருக்கு அது திடீரென்று வந்த 2,000 வெள்ளி வருமானம். பெரிய வரவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் குறித்துவையுங்கள்: யார் கொடுத்தது, எதற்கு, எப்போது வெளியே போனது. கேள்வி வருமுன் விளக்கம் தயாராக இருந்தால் பல வாரத் தாமதம் குறையும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் நேரம் குறிக்கும்போதே தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். கடனும் குடும்பப் பிணக்கும் அந்தப் பிள்ளையின் வாய் வழியாக வெளிவரக் கூடாது. தாய் சொல்லத் தயங்குவதைப் பிள்ளை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டதே சில நேரம் விண்ணப்பத்தின் முக்கியமான பகுதியாக இருக்கும்.

இன்று வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை. முடிவு வரும்வரை என்ன செய்வது?

"அவசரம்" என்ற சொல்லை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். முழு மதிப்பீடு முடியும் முன்பே இடைக்கால உதவி தர அலுவலகத்துக்கு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பச் சேவை நிலையம் உணவுப் பொருளுக்கு வழிகாட்டும். குருத்வாராக்களில் மதம் பார்க்காமல் சாப்பாடு போடுகிறார்கள், கூச்சப்படத் தேவையில்லை.

மறுத்துவிட்டார்கள். இனி?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஏதோ ஆவணம் வரவில்லை. இரண்டு, மேலே சொன்னதுபோல் வீட்டில் இல்லாதவரின் வருமானம் சேர்ந்துவிட்டது. மூன்று, வேலை செய்யக்கூடியவர் ஏன் செய்யவில்லை என்பதற்குப் போதிய விளக்கமில்லை. மூன்றாவதற்கு "உடம்பு முடியவில்லை" என்பது போதாது. எத்தனை மணி நேரம் நிற்க முடியாது, எவ்வளவு எடை தூக்கக் கூடாது, எத்தனை மாதத்துக்கு என்று மருத்துவர் எழுதிய குறிப்பு வேண்டும்.

மேல்முறையீடு செய்யலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் கடிதம் எழுதித் தருவார்கள். அந்தக் கடிதம் விதியை மாற்றாது, கோப்பை மறுபடி திறக்கவைக்கும். ஆகவே புதிய தகவலோடு போனால்தான் பலன்.

வேலைக்குப் போனால் உதவி எல்லாம் நின்றுவிடுமாமே?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. கணக்கைப் போட்டே பார்ப்போம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈரறை வாடகை வீட்டில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். முதல்முறை வாடகைதாரர். வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்தால் வாடகை 44 முதல் 75 வெள்ளி. 801 முதல் 1,500 வரை இருந்தால் 123 முதல் 165. தாய் பகுதிநேர வேலையில் 780 வெள்ளி வாங்கியவர், நேரத்தைக் கூட்டி 1,480 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 700 கூடியது. மசே நிதி போகக் கைக்கு வருவது 624இலிருந்து 1,184 ஆனது, கூடுதல் 560. வாடகை 75இலிருந்து 165 ஆனால் 90 போகும். மிச்சம் 470. வாடகை ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஏற்றம் அப்போதுதான் வரும். ஆனால் கம்கேர் தொகை அதற்கு முன்பே குறையும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதுவும் ஒரு செலவு. எல்லாம் கழிந்த பிறகு ஒரு முழு மாத உழைப்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்று அந்தத் தாய் சொன்னால், அவர் சோம்பேறித்தனம் பேசவில்லை. கணக்கைத்தான் பேசுகிறார்.

தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியது, குறைந்த சம்பள ஊழியர்களுக்கு அரசாங்கம் தரும் வேலைநலன் துணை வருமானம். 2007இல் தொடங்கிய இத்திட்டத்தில் 2025 ஜனவரி முதல் மாத வருமானம் 500 முதல் 3,000 வெள்ளிவரை உள்ள, 30 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் தகுதி பெறுகிறார்கள். உச்சத் தொகை ஆண்டுக்கு 30 முதல் 34 வயதுவரை 2,450. 35 முதல் 44வரை 3,500. 45 முதல் 59வரை 4,200. 60உம் அதற்கு மேலும் 4,900. இதில் 40 விழுக்காடு ரொக்கம், 60 விழுக்காடு மசே நிதி. ஊழியர்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. முதலாளி மசே நிதி கட்டினால் தானாகவே வரும். உடற்குறையுள்ளவர்களுக்கு வயது வரம்பு கிடையாது.

சம்பளம் கூடக் கூட இந்தத் தொகை படிப்படியாகக் குறையும். எடுத்துக்காட்டாக, பாதுகாவலர்களுக்கான படிப்படிச் சம்பள உயர்வில் மாதச் சம்பளம் 2024இல் 2,650, 2025இல் 2,870, 2026இல் 3,090. 3,000 என்ற எல்லையை அது தாண்டிவிடுகிறது. இதை இழப்பாக எண்ண வேண்டாம். அந்த உயரத்தில் துணை வருமானம் ஏற்கெனவே சுருங்கித்தான் இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். வேலையை ஒப்புக்கொள்ளும் முன், இன்றைய மாதத்தையும் வேலைக்குப் போன பிறகான மாதத்தையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக எழுதுங்கள். அந்தத் தாளோடு அதிகாரியிடம் போய், முதல் சம்பளம் கைக்கு வரும்வரை உதவி தொடருமா, அதன் பிறகு எப்படிக் குறையும் என்று கேளுங்கள். வேலை கிடைத்ததை மறைப்பதுதான் மிக மோசமான வழி. மசே நிதிப் பதிவில் அது தெரிந்துவிடும். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

முதலாளி ரொக்கமாகத் தருகிறார், மசே நிதி கட்டுவதில்லை. கைக்கு முழுச் சம்பளம் வருவது நல்லதுதானே?

நல்லதல்ல. மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும், பகுதிநேர வேலையானாலும், முதலாளி மசே நிதி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் துணை வருமானம் இல்லை. வீடு வாங்கும் மானியத்துக்குத் தேவையான தொடர் வேலைப் பதிவு இல்லை. வேலை போனால் வேலை செய்ததற்கே சான்று இல்லை. உணவங்காடிக் கடை, வீட்டுச் சமையல், மினிமார்ட் வேலைகளில் இது இன்னும் நடக்கிறது. மசே நிதிக் கழகத்திடம் புகார் செய்யலாம். வேலை நேரத்தைக் குறித்த வாட்ஸ்அப் செய்தி, பணம் வாங்கிய தேதிக் குறிப்பு எல்லாம் சான்றுதான்.

விநியோக ஓட்டுநர்கள், தனியார் வாடகை கார் ஓட்டுநர்கள் ஆகியோருக்கு 2025 ஜனவரி 1 முதல் இணையத்தள ஊழியர் சட்டம் நடப்பில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு உயர்த்தப்பட்ட மசே நிதிப் பங்களிப்பு கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம்.

பிள்ளைகளுக்கு என்னென்ன கிடைக்கும்?

பாலர் பள்ளியிலிருந்து தொடங்குவோம். முன்பு கட்டணத்தில் முழு உதவிக்கழிவு பெறத் தாய் மாதம் 56 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றிருந்தது. வேலை தேடப் பிள்ளையை விட இடமில்லை. இடம் கிடைக்க வேலை வேண்டும். இந்தச் சுழலில் பல தாய்மார்கள் சிக்கினார்கள். 2024 டிசம்பர் முதல் மாதக் குடும்ப வருமானம் 6,000 வெள்ளிக்குள் இருந்தால் தாய் வேலை செய்யாவிட்டாலும் அந்த உதவிக்கழிவு உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அண்மையில் வந்த மாற்றங்களில் மிகப் பயனுள்ளது இதுவே என்பது எங்கள் கருத்து. பழைய விதியை நினைத்துக்கொண்டு பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் உடனே விசாரியுங்கள்.

பள்ளியில் கல்வி அமைச்சின் நிதி உதவி குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம், பாடநூல், சீருடை ஆகியவற்றை ஏற்கிறது. தொடக்கப்பள்ளியில் வாரம் ஏழு வேளை, உயர்நிலைப்பள்ளியில் பத்து வேளை உணவு. போக்குவரத்துக்கும் உதவி உண்டு. படிவம் பள்ளி அலுவலகத்திலேயே கிடைக்கும்; கம்கேர் ஒப்புதல் கடிதம் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். ஆண்டு நடுவில் வேலை போனாலும் விண்ணப்பிக்கலாம், அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

சம்பளச் சீட்டில் சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) என்று மாதாமாதம் பிடிக்கும் சிறு தொகையைப் பார்த்திருப்பீர்கள். 1,500க்கு மேல் 2,500 வெள்ளிவரை வாங்குபவருக்கு அது 5 வெள்ளி. 1991இல் தொடங்கிய சிண்டா அந்தப் பணத்தில்தான் துணைப்பாட வகுப்பும் குடும்ப ஆதரவும் நடத்துகிறது. அது தானம் வாங்குவது ஆகாது. நம் சமூகம் சேர்த்துவைத்ததில் நம் பிள்ளைக்கு உரிய பங்கு அது.

கம்லிங்க் பிளஸ் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து பேசினார். யார் அவர்?

குடும்பப் பயிற்றுநர். வாடகை வீட்டில் பிள்ளைகளோடு வாழும் குடும்பங்களுக்கான திட்டம் இது. ஏறத்தாழ 10,000 குடும்பங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. ஒவ்வோர் அலுவலகத்திலும் கதையை முதலிலிருந்து சொல்லும் களைப்பைக் குறைப்பதே இதன் பெரிய நன்மை.

2023 நவம்பரில் அறிவித்த முன்னேற்றத் தொகுப்புகள் நான்கு. பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் 500 வெள்ளி, ஒழுங்காக அனுப்பினால் காலாண்டுக்கு 200. மாதம் குறைந்தது 1,400 வெள்ளிச் சம்பளத்தில் மசே நிதியோடு வேலையில் நிலைத்தால் காலாண்டுக்கு 450 முதல் 550 வெள்ளி. கடனைக் கட்டினால் கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வெள்ளி, 5,000வரை. வீடு வாங்க மசே நிதியில் விரும்பிப் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் இரண்டு வெள்ளி, 30,000வரை.

பயிற்றுநர் உளவு பார்க்க வரவில்லை. ஆனாலும் நம்பிக்கை ஒரே நாளில் வராது; முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பல இடத்தில் சின்னச் சின்னக் கடன். எதை முதலில் அடைப்பது?

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அறநிறுவனம் ஒன்றின் மூலம் கடன் தீர்க்கப்பட்ட 196 குறைந்த வருமானத்தாரை, தீர்க்கப்படும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். கடன் தீர்ந்த பிறகு மனப்பதற்றம் குறைந்தது, கவனச் சோதனைகளில் பிழைகளும் குறைந்தன. வியப்பு என்னவென்றால், தீர்க்கப்பட்ட தொகையைவிட மூடப்பட்ட கணக்குகளின் எண்ணிக்கையே அதிக வேறுபாட்டை உண்டாக்கியது. ஒரே தொகையை மூன்று சின்னக் கடனில் போட்டு மூன்றையும் மூடியவருக்கு, ஒரு பெரிய கடனைக் குறைத்தவரைவிட மனம் இலேசானது. "ஏழைகள் தவறாக முடிவெடுக்கிறார்கள்" என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்ற நினைப்பே மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

ஆகவே வட்டி ஏறாத சின்னப் பாக்கிகளை ஒன்றொன்றாக மூடுவதில் பொருள் இருக்கிறது. வட்டி ஏறுவது வேறு. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர் மாதம் 4 விழுக்காடுவரை வட்டி, தாமதத்துக்கு இன்னொரு 4 விழுக்காடுவரை, தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளிவரை வாங்கலாம். முன்கட்டணமாகக் கடனில் 10 விழுக்காடுவரை கழித்துக்கொள்ளலாம்; 1,000 வெள்ளி கடனில் கைக்கு 900தான் வரக்கூடும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து கடன் தொகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். இதைப் போன்ற கடனையே முதலில் அடைக்க வேண்டும். அடையாள அட்டையையோ சிங்பாஸ் கடவுச்சொல்லையோ கேட்டு வாங்கிவைத்துக்கொள்பவர் சட்டத்தை மீறுகிறார். உரிமமில்லாத வட்டி முதலையிடம் சிக்கிவிட்டால் காவல்துறையிடம் சொல்லுங்கள். கடன் வாங்கியதற்காக உங்களைக் கைது செய்ய மாட்டார்கள்.

மனைவி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், நீண்டகால வருகை அட்டையில் இருக்கிறார். எங்களுக்கு உதவி கிடைக்குமா?

குடும்பத்தில் குடிமக்கள் இருப்பதால் கம்கேர் வாசல் திறந்தே இருக்கிறது. குடியுரிமை உள்ள பிள்ளைக்குப் பள்ளி உதவியும் பாலர் பள்ளி உதவிக்கழிவும் தாயின் அட்டையைப் பார்த்து மறுக்கப்படுவதில்லை. இடைவெளி இருப்பது மனைவிக்குத்தான். மருத்துவ மானியம் குடிமக்களுக்கு இருப்பதுபோல் இராது. வேலை செய்யத் தனி இசைவுக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் தெரிந்தவர் கடையில் இரண்டு மணி நேரம் நின்றால்கூட அட்டைக்கே ஆபத்து. கணவர் இறந்தாலோ பிரிந்தாலோ அட்டையைப் புதுப்பிப்பது சிக்கலாகும். காலம் முடியக் காத்திராமல் குடும்பச் சேவை நிலையத்தை நாடுங்கள்.

வயதான பெற்றோருக்கு?

குறைந்த வருமான முதியோருக்கு அரசாங்கம் தரும் சில்வர் சப்போர்ட் தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 65 வயதில் தகுதி இருந்தால் கடிதம் வரும். ஓரறை, ஈரறை வீட்டில், தலைக்கு வருமானம் 1,500 வெள்ளிக்குள் இருப்பவருக்குக் காலாண்டுக்கு 1,080 வெள்ளி. பெற்றோர் நீண்டகால உதவி கேட்டால் பிள்ளைகள் என்ன தருகிறார்கள் என்ற கேள்வி வரும். 1995ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் 60 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம். ஆனால் பிள்ளையே வாடகை வீட்டில் திண்டாடினால் அவருடைய நிலைமைக்கான ஆவணத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

மருத்துவமனைக் கட்டணம் கையை மீறிவிட்டது.

பணம் கட்டும் முகப்பில் வாக்குவாதம் வேண்டாம். மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காக 1993இல் தொடங்கிய அரசாங்க நிதியான மெடிஃபண்ட் உதவிக்கு அவர் வழியாகத்தான் போக முடியும். மானிய வார்டில் இருந்தால்தான் இது பொருந்தும். ஆகவே வார்டு தேர்வு செய்யும்போதே கவனம் வேண்டும்.

வேலை போய்விட்டது. கம்கேர் மட்டும்தானா?

இல்லை. 2025 ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலைதேடுவோர் ஆதரவுத் திட்டம் வந்தது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்து, தன் விருப்பமின்றி வேலை இழந்தவருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளிவரை: முதல் மாதம் 1,500, பிறகு 1,250, 1,000, கடைசி மூன்று மாதம் 750 வீதம். வேலை தேடியதற்கும் பயிற்சிக்கும் மாதாமாதம் சான்று காட்ட வேண்டும். "ராஜினாமா எழுதிக் கொடு" என்று முதலாளி சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு தாள் உங்களைத் தாமாக விலகியவர் ஆக்கிவிடும்.

இந்த உதவிகள் வாழப் போதுமா?

உயிர் வாழ, ஆம். தலைநிமிர்ந்து வாழ, போதாது என்றே நாங்கள் கருதுகிறோம். 2021இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண மக்களைக் குழுக்களாக உட்காரவைத்து, ஒரு குடும்பத்துக்கு எது அடிப்படைத் தேவை என்று விவாதிக்கச் செய்தார்கள். பெற்றோரும், 7 முதல் 12 வயதில் ஒரு பிள்ளையும், 13 முதல் 18 வயதில் இன்னொரு பிள்ளையும் உள்ள வீட்டுக்கு மாதம் 6,426 வெள்ளி வேண்டும் என்று கணக்கு வந்தது. தனித்தாயும் 2 முதல் 6 வயதுப் பிள்ளையும் என்றால் 3,218. விருப்பச் செலவுகளும் இதில் சேர்ந்துள்ளன என்று அரசாங்கம் மறுப்புத் தெரிவித்தது. அந்த எண்ணில் நூறு இருநூறு குறைத்தாலும், 2,900 வெள்ளியில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவருக்கும் அதற்கும் இடையிலான தூரம் மறைந்துவிடாது.

வாடகை இரண்டு மாதம் பாக்கி, மின்சாரமும் பாக்கி. எதிலிருந்து தொடங்குவது?

வாடகையிலிருந்து. வீவக கிளைக்கு நேரில் போய்த் தவணை கேளுங்கள். சிறு தொகையானாலும் விடாமல் கட்ட முடிகிற அளவைச் சொல்லுங்கள். 200 வெள்ளி என்று ஒப்புக்கொண்டு அடுத்த மாதமே தவறுவதைவிட 40 வெள்ளி கட்டிக்கொண்டே இருப்பது கோப்பில் நல்லபடி தெரியும். தவணை ஒப்பந்தத்தின் நகலோடு சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள். மின்சாரத்துக்கு, முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் மீட்டர் பொருத்தச் சொல்லிக் கேட்கலாம். போடும் பணத்தில் ஒரு பங்கு பழைய பாக்கிக்குப் போகும். காலாண்டுதோறும் அரசாங்கம் தரும் யூசேவ் என்ற மின், தண்ணீர்க் கட்டணக் கழிவு தானாகவே கணக்கில் ஏறிவிடும். கடைகளில் பயன்படுத்த வீட்டுக்கு வழங்கப்படும் சிடிசி பற்றுச்சீட்டுகளை யாராவது ஒருவர் சிங்பாஸ் மூலம் பெற வேண்டும். இன்னும் எடுக்காமல் இருந்தால் இன்றே எடுங்கள், பாதியைப் பேரங்காடியில் அரிசி பருப்புக்கு வைத்துக்கொண்டால் அந்த ரொக்கம் வாடகைக்கு மிஞ்சும்.